ஓவிய வாத்தியார் நந்தலால் போஸ்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, விடுதி நினைவுகளை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத நம்ம செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் பட்டம் வாங்கிய கையோடு ஆசிரியர் பயிற்சியும் முடித்து, சொந்த ஊரான அவலூர்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 34 வருஷம் தொடக்கப்பள்ளி வாத்தியாராகவே ஓட்டியவன். அதனால் இன்னொரு வாத்தியாரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. உலகம் அவரை ஓவியர் என்று அறியும். என் கணக்கில் அவர் முதலில் வாத்தியார். பெயர் நந்தலால் போஸ்.

அவர் கதைக்குப் போகும் முன், என் தப்பு ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

மலை முக்கோணமா?

வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்புக்கு ஓவியப் பாடவேளை. கரும்பலகையில் இரண்டு முக்கோணம் போட்டேன், அது மலை. நடுவில் ஒரு சூரியன். கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை மரம். அதைப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் மூன்றாவது படித்தபோது என் வாத்தியாரும் இதே படத்தைத்தான் போட்டார். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி போட்டிருந்தான். சிலேட்டு முழுக்க உருண்டை உருண்டையாக வட்டம், ஒன்றின் மேல் ஒன்று, கோணலும் மாணலுமாக. என்னடா இது என்றேன். மலை சார் என்றான். மலை என்றால் கூர்மையாக இருக்கணும் என்று சொல்லி, அவன் சிலேட்டை வாங்கி என் கையாலேயே அழித்துவிட்டு முக்கோணம் போட்டுக் கொடுத்தேன்.

செஞ்சிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் மலைகள் எப்படி இருக்கும் என்று. யாரோ உருட்டிக் கொண்டுவந்து குவித்த மாதிரி பாறை மேல் பாறை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் அப்படித்தான். அந்தப் பையன் ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துப் போட்டிருக்கிறான். நான் பார்க்காத மலையை, இல்லாத ஆற்றை, எங்கள் பக்கம் பனை நிற்கிற இடத்தில் தென்னையைப் போடச் சொல்லியிருக்கிறேன். இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. உறைக்க வைத்தவர் நந்தலால் போஸ்.

தேர்வில் தோற்ற பிள்ளை

நந்தலால் 1882 டிசம்பர் 3-ஆம் தேதி பீகாரில் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். அம்மா க்ஷேத்ரமணி தேவி வீட்டில் கிடைத்ததை வைத்தே பிள்ளைக்குப் பொம்மை செய்து கொடுக்கக்கூடிய கைக்காரி. அந்த அம்மாவின் கைதான் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம். ஊரில் பூஜைக் காலம் வந்தால் சாமி பொம்மை செய்வதும் பந்தல் ஜோடிப்பதும் பையனுக்குச் சாப்பாட்டை விடப் பெரிய விஷயம்.

15 வயதில் படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். பள்ளிப் படிப்பை ஒருவழியாக முடித்தார். கல்லூரிப் படிப்புதான் ஏறவே இல்லை. ஒரு கல்லூரியில் தேறாமல் இன்னொரு கல்லூரி, அதிலும் தேறாமல் வேறொன்று. 1903-இல் சுதீரா தேவியோடு கல்யாணமும் ஆகிவிட்டது. 1905-இல் பிரசிடென்சி கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தார். அதுவும் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் வீட்டாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர அனுமதி வாங்கினார். அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம்! படிப்பு ஏறாத அத்தனை வருஷமும் அவர் கை சும்மா இருக்கவில்லை, வரைந்துகொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஓவியப் பள்ளியில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் அவனீந்திரநாத் தாகூர். அந்தக் காலத்தில் இங்கே ஓவியப் படிப்பு என்றால் பெரும்பாலும் ஐரோப்பியச் சிலைகளின் அச்சுகளை வைத்து நகல் எடுப்பதுதான். அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த ஹாவெல் என்ற ஆங்கிலேயரும் அவனீந்திரரும் அதை மாற்ற முனைந்தார்கள். நம்ம நாட்டுப் பழைய ஓவியத்தைப் போய்ப் பாருங்கள் என்று மாணவர்களைத் திருப்பிவிட்டார்கள். அப்படித்தான் 1909-இல் நந்தலால் அஜந்தாவுக்குப் போனார். லேடி ஹெரிங்காம் என்ற ஆங்கிலப் பெண்மணி அஜந்தாச் சுவர் ஓவியங்களைப் படி எடுக்கும் வேலையில் இறங்கியிருந்தார். அதற்கு உதவியாகப் போகும்படி நந்தலால் முதலிய இளைஞர்களைத் தூண்டியவர் சகோதரி நிவேதிதை. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட அந்தக் கோடுகளை அருகில் நின்று கண்ணால் தடவித் தடவிப் படி எடுத்ததில், அவருக்குக் கோடு பழகியது. பின்னால் 1921-இல் குவாலியர் சமஸ்தானத்து பாக் குகைகளுக்கும் போய் இதே வேலையைச் செய்தார்.

சாந்திநிகேதனத்து மாஸ்டர்

ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்தில் 1919-இல் கலாபவனத்தைத் தொடங்கினார். 1922-இல் நந்தலால் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1951-இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 30 வருஷம் அதே மண்தான். கல்கத்தாவில் இருந்திருந்தால் பேரும் பணமும் இன்னும் சேர்ந்திருக்கும். அவர் வாத்தியார் வேலையைத் தேர்ந்தெடுத்தார். மாணவர்கள் அவரை மாஸ்டர் மொஷாய் என்று கூப்பிட்டார்கள். நாம் வாத்தியாரய்யா என்போமே, அந்த மாதிரி.

அவர் பாடம் நடத்திய விதத்துக்கு ஓர் உதாரணம். பின்னாளில் சினிமாவில் உலகப் புகழ் பெற்ற சத்யஜித் ராய் 1940-களின் தொடக்கத்தில் அங்கே ஓவியம் படித்தார். மரம் வரையும்போது உச்சியிலிருந்து கீழே இழுக்காதே, மரம் கீழிருந்து மேலேதானே வளர்கிறது, தூரிகையும் அப்படியே போகட்டும் என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததை ராய் கடைசிவரை மறக்கவில்லை. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் மரத்தின் உருவத்தைப் போடுவதற்கும் மரம் வளர்வதைப் போடுவதற்கும் எவ்வளவு தூரம்! அந்தப் பிள்ளை மரத்தடிக்குப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். கரும்பலகையைப் பார்த்துப் போட முடியாது.

இன்னொன்று, அல்பனா. நம்ம ஊர் மாக்கோலம் மாதிரி வங்காளத்துப் பெண்கள் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் போடும் கோலம் அது. அடுப்படியில் கிடந்த அந்தக் கலையை நந்தலால் கலாபவனத்துப் பாடமாகவே கொண்டுவந்து வைத்தார். சாந்திநிகேதனத்து விழாக்களில் தரையெல்லாம் அல்பனா பூத்தது. அவருடைய மகள் கௌரி அதில் பேர்பெற்ற ஆசிரியை ஆனார். ஊர்ப் பாட்டிகளின் கையும் கல்லூரிக் கையும் ஒன்றுதான் என்று காட்டிய வேலை இது.

மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு விடுதிச் சுவரில் மண்ணாலேயே புடைப்புச் சிற்பம் செய்தார்கள். மழையில் கரையாமல் இருக்கத் தார் பூசியதால் அந்த வீட்டுக்குக் கறுப்பு வீடு என்றே பெயர். பளிங்கு வாங்கக் காசில்லையே என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒன்றாம் வகுப்புக்குப் படம் போட்டவர்

எங்களைப் போன்ற தொடக்கப்பள்ளிக்காரர்கள் அவரைக் கும்பிட வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வங்கக் குழந்தைகள் எழுத்துப் படிப்பதற்காகத் தாகூர் ஸஹஜ் பாட் என்ற பாடநூலை எழுதினார். 1930-இல் வெளிவந்தது. அதற்குப் படம் போட்டவர் நந்தலால். நோபல் பரிசு வாங்கியவர் பாலபாடம் எழுதுகிறார், கலாபவனத் தலைவர் அதற்குப் படம் போடுகிறார்! ஒன்றாம் வகுப்புக்கு இது போதும் என்ற அலட்சியம் இரண்டு பேரிடமும் இல்லை.

படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகட்டில் உளியால் செதுக்கி, மை தடவி ஒற்றி எடுப்பது. செதுக்கிய இடம் வெள்ளை, மீந்த இடம் கறுப்பு. அச்சுக்குச் செலவு குறைவு, குழந்தைக் கண்ணுக்குத் தெளிவு. வங்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எழுத்தறிந்தார்கள்.

அதே 1930-இல் தண்டி யாத்திரை. கையில் கம்போடு காந்தி நடந்து போகும் கறுப்பு வெள்ளைப் படம் நாம் எல்லோரும் பார்த்தது. அதுவும் நந்தலாலின் லினோ செதுக்குதான். குழந்தைப் பாடத்துக்கு எடுத்த அதே உளி.

காங்கிரஸ் பந்தலில் கிராமத்து மண்

காந்தி 1936-இல் லக்னோ காங்கிரஸ் மாநாட்டுக் கண்காட்சிக்கு நந்தலாலை அழைத்தார். அதே வருஷக் கடைசியில் மகாராஷ்டிரத்து ஃபைஸ்பூரில் மாநாடு. ஒரு கிராமத்தில் காங்கிரஸ் கூடியது அதுதான் முதல் தடவை. பட்டணத்துச் சாமான் வேண்டாம், கிராமத்தில் கிடைப்பதை வைத்தே பந்தலை அமைக்க வேண்டும் என்றார் காந்தி. மூங்கிலும் கூரையும் கொண்டு நந்தலால் செய்து காட்டினார்.

அடுத்தது 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில். இதற்காக அவர் வரைந்ததுதான் புகழ்பெற்ற ஹரிபுராப் படங்கள். அவர் கையால் வரைந்தவை 80-க்கு மேல். மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் படியெடுத்ததையும் சேர்த்தால் ஏறத்தாழ 400. என்ன வரைந்தார்? மத்தளம் அடிப்பவர், குயவர், தச்சர், மாட்டை அடக்குபவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். மண்ணிலிருந்து எடுத்த நாட்டு வண்ணம், சாதாரணக் காகிதம். பணம் கட்டிப் பார்க்கும் கூடத்தில் வைக்கவில்லை. வண்டி கட்டிக்கொண்டு வந்த விவசாயிகள் நடந்து போகும் வழியில், பந்தல் வாசல்களில் தொங்கவிட்டார்கள். தன் தொழிலை, தன் மாட்டைத் தலைக்கு மேல் பார்த்த குடியானவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஓய்வுக்குக் கொஞ்ச வருஷம் முன்பு ஒரு பணியிடைப் பயிற்சியில் இந்தப் படங்களின் ஜெராக்ஸை எங்களுக்குக் காட்டினார்கள். அப்போதுதான் எனக்குச் சிலேட்டும் உருண்டைப் பாறையும் ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிய கலைஞர் கண்ணெதிரே இருந்ததை வரைந்தார். எங்கள் வகுப்பில் அதைச் செய்தவன் ஒருத்தன்தான். அவனுடையதை நான் அழித்தேன்.

மாணவர்கள் வழியாக

ஒரு வாத்தியாரின் பெருமை மாணவர்களில் தெரியும். வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் இருவரும் அவர் மாணவர்கள். அங்கேயே ஆசிரியர்களும் ஆனார்கள். நமக்கு நெருக்கமானவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் 1924-இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு மூடிவிட்டது. 1944-இல் சாந்திநிகேதனத்தில் நந்தலால் கதவைத் திறந்தார். பெரிய ஓவியராகி, குழந்தைகளுக்குப் பொம்மைகளும் படக்கதைகளும் செய்து கொடுத்து, 2016-இல் மறைந்தார்.

இன்னொருவர் தேவி பிரசாத். கலாபவனத்தில் படித்து முடித்து 1944-இல் காந்தியின் சேவாகிராமப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியராகப் போனார். நம்மில் மூத்தவர்கள் ஆதாரக் கல்வி என்று தக்ளி சுற்றியிருப்பீர்களே, அதன் தாய் வீடு அது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். அவரும் தாகூரிடம் இருந்து வந்தவர்தான். கிராமத்துப் பிள்ளைகளோடு வரைந்து பழகிய அனுபவத்தைத் தேவி பிரசாத் புத்தகமாகவே எழுதினார். கலை என்பது கல்வியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல, அடித்தளமே அதுதான் என்பது அவர் கண்ட முடிவு.

நாடு விடுதலை பெற்ற பின், அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்குச் சித்திரம் தீட்டும் பணியும் நந்தலாலிடமே வந்தது. மாணவர்களோடு சேர்ந்து 22 பகுதிகளுக்கும் படம் அமைத்தார். அதில் நம்ம மாமல்லபுரத்துச் சிற்பக் காட்சியும் நடராஜர் திருவுருவமும் உண்டு. 1954-இல் பத்ம விபூஷண். 1966 ஏப்ரல் 16-இல் மறைந்தார். டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மட்டும் அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 7000 இருக்கின்றன. கலாபவன மாணவர்கள் அவர் பிறந்தநாளை ஒட்டி நந்தன் மேளா நடத்தி, தங்கள் கைவேலைகளை விற்று, கஷ்டப்படும் மாணவர்களுக்கு உதவி செய்கிறார்கள். நம் சங்கமும் யோசிக்கலாமே!

நம்ம பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்?

நம்ம பழைய மாணவர்களில் பாதிப்பேர் வாத்தியார்கள். மீதிப்பேர் வீட்டிலும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் உண்டு. ஓய்வு பெறுவதற்குள் நானே செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வண்ணம். கலர் பெட்டிக்குக் காசு இல்லை என்று சொல்லவே வேண்டாம். செம்மண், ஏரிக் களிமண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி இருந்தால் நாலு வண்ணம். மண்ணை இடித்துத் துணியில் சலித்து, தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். மறுநாள் தெளிந்த தண்ணீரை வடித்தால் மைபோல வண்டல் கிடைக்கும். ராத்திரி ஊறவைத்த வேப்பம் பிசினைக் கலந்தால் தாளில் ஒட்டும். இதிலேயே அறிவியல் பாடமும் முடிந்துவிடும். நம் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில் ஆதி மனிதர் செங்காவியில் தீட்டியது இன்னும் அழியவில்லை. பனைமலைக் கோயிலில் பல்லவர் காலத்துப் பார்வதி இன்னும் இருக்கிறாள். பிள்ளைகளை ஒருதரம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அடுத்தது அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மண் வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பூ. உருளைக்கிழங்கில் வாத்தியாரே எழுத்தைத் திருப்பிச் செதுக்கிக் கொடுத்தால், பிள்ளைகள் தங்களுக்கு ஒரு பாலபாடம் அச்சிடலாம். அ-வுக்கு அம்மியும் ஆ-வுக்கு ஆடும் அவர்களே வரையட்டும்.

எங்கள் பக்கம் மல்லாட்டை அறுவடை நாளில் தோலுக்குப் பஞ்சமில்லை. அட்டையில் ஒட்டினால் ஆமை, மீன், முதலை எல்லாம் வரும். பழைய செய்தித்தாளும் கஞ்சிப் பசையும் போதும், மேல்மலையனூர் மயானக் கொள்ளையில் பார்த்த முகத்தையும் கூத்தில் பார்த்த கிரீடத்தையும் பையன்கள் அப்படியே செய்துவிடுவார்கள். புள்ளிக் கோலம் போடும் பெண் பிள்ளையை வகுப்புக்கு வாத்தியாராக நிறுத்துங்கள். கணக்கும் சேர்ந்து வரும்.

விதி மூன்றே மூன்று. பலகையில் மாதிரி போடக்கூடாது. போய்ப் பார்த்துவிட்டு வந்து போடச் சொல்ல வேண்டும். பிள்ளையின் படத்தில் வாத்தியார் கை படக்கூடாது.

அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா 2022-இல் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் போட்டியில் பரிசு வாங்குவது நாலு பிள்ளை. வாராவாரம் ஓவியப் பாடவேளை என்பது எல்லாப் பிள்ளைக்கும். தேர்வு நெருங்கினால் அதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதில் நாம் எல்லோரும் கில்லாடிகள். நானும் எடுத்திருக்கிறேன்.

அந்தச் சிலேட்டுப் பையனைச் சில வருஷம் முன்பு அவலூர்பேட்டைச் சந்தையில் பார்த்தேன். நல்லபடியாக இருக்கிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள். மலைப் படம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சுத்தமாக ஞாபகம் இல்லை. சின்ன வயசிலிருந்தே தனக்கு டிராயிங் வராது சார் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வராமல் போனது எங்கே, எந்த நாளில் என்று அந்தச் சந்தையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வகுப்பில் இருக்கும் நண்பர்களே, வரப்போகும் தம்பி தங்கைகளே, அந்த ஒரு பாடவேளையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மலை எப்படி இருக்கிறது என்று அவர்கள் நமக்குச் சொல்லுவார்கள்.



– பழைய மாணவர், அவலூர்பேட்டை